அப்பா ஓடிய ஓட்டம்

எங்கள் ஊரில் என் அப்பாவைத் தெரியாதவர் யாரும் இல்லை. பெயரைச் சொல்லி விசாரித்தால் கொஞ்சம் யோசிப்பார்கள். "டிரோனுக்குப் பயந்து கைப்பிள்ளையத் தூக்கிட்டு ஓடுனாருல்ல, அவரு வீடு எது?" என்று கேட்டால் போதும், சின்னப் பிள்ளைகள்கூட வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகும். கூடவே ஒரு சிரிப்பும் கிடைக்கும். ஊரில் சிலருக்கு நிலத்தால் பெயர் வருகிறது, சிலருக்கு வாயால் வருகிறது. எங்கள் வீட்டுக்கு வந்தது இப்படி. அந்தப் பெயர் வந்த அன்று நான் அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். பூமி பிளந்து அப்படியே உள்ளே போய்விட மாட்டோமா என்று இருந்தது. பொட்டல் காட்டில் பூமி ஏற்கெனவே நன்றாகப் பிளந்துதான் கிடந்தது, ஆனால் நான் போகும் அளவுக்கு இல்லை.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. எம்.ரெட்டியபட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய ஊர். வீட்டில் அப்பா, அம்மா, நான், பிறந்து ஏழெட்டு மாதமான தம்பி. இது போக ஒரு நாயும் ஒரு பூனையும். நாயின் பெயர் கலெக்டர். தெருவில் நடக்கும்போது ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் செய்யாமல் அடுத்த வீட்டுக்குப் போகும் என்பதால் அப்பா வைத்த பெயர். பூனைக்குப் பெயர் இல்லை. கூப்பிட்டால் வராததற்குப் பெயர் எதற்கு என்று அப்பா கேட்டுவிட்டார். தம்பி சேலைத் தொட்டிலில் இல்லாத நேரமெல்லாம் பூனை அதில் தூங்கும். தம்பி தொட்டிலில் இருந்தால் கலெக்டர் அதற்கு அடியில் படுத்துக்கொண்டு, தொட்டிலிலிருந்து சொட்டுவதையெல்லாம் முதுகில் வாங்கிக்கொள்ளும். இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் நான் அதிகம் பேசுவதில்லை.

அப்பா மருந்தடிக்கப் போவார். பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் பூச்சி விழுந்தால், முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க வயலில் நடக்கிற வேலை. சாயங்காலம் வந்தால் தம்பி கையை நீட்டிக்கொண்டு கத்துவான். அப்பா கிட்டவே வரமாட்டார். தொட்டியடியில் சோப்புப் போட்டுக் குளித்து, கையை மோந்து பார்த்து, மறுபடி ஒரு தடவை குளித்து, அதற்குப் பிறகுதான் அவனைத் தூக்குவார்.

அம்மா மகளிர் குழுவில் இருந்தாள். ஒரு நாள் கூட்டத்துக்குப் போய்வந்தவள், குழுவுக்கு மருந்தடிக்கிற டிரோன் வரப்போகிறது, அதை ஓட்ட ஒருத்தருக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் தம்பியின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குழுவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அம்மா, இன்னொன்று குழுத் தலைவியின் மருமகள். மருமகளுக்கும் ஆசைதான். கூட்டத்தில் அம்மா முதலில் கையைத் தூக்கிவிட்டாள். அவள் வாழ்க்கையில் எதற்கும் முதலில் கையைத் தூக்கியவள் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதனால் அந்தச் செய்தியே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

"பிள்ளைய யாரு பாக்கிறது?" என்று கேட்டாள் அம்மா. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் அப்பா. அவர் கேட்காததால் அவளே கேட்டுக்கொண்டாள்.

"நான் இருக்கேன்ல," என்றார் அப்பா.

டீக்கடையில் விஷயம் தெரிந்ததும் சும்மா விடுவார்களா? அப்பாவுக்கு மாமா முறை உள்ள ஒருவர், "ஏ மாப்ள, ஒம் பொழப்புல மண்ணள்ளிப் போட ஒம் பொண்டாட்டியே படிக்கப் போறாளாமே?" என்று கேட்டாராம். "வீட்டுக்குள்ளதான மாமா போடுறா, போடட்டும்," என்றாராம் அப்பா. இதை அவரே வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடைக்காரரின் மகள் என் வகுப்பு.

அம்மா விடியற்காலையில் கிளம்பிப் போவாள். அருப்புக்கோட்டைக்கு வெளியே ஒரு பொட்டலில் பயிற்சி. அப்பா மருந்து டேங்கைத் திண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, வேலைக்குக் கூப்பிட வந்தவர்களிடமெல்லாம் இப்போது முடியாது என்று சொல்லிவிட்டார். வயலில் நடக்கிற ஆம்பளை வீட்டில் உட்கார்ந்து பிள்ளையின் துணி அலசுகிறார் என்பது தெருவுக்குப் பெரிய வேடிக்கை. அவரும் அதை ஒளிவுமறைவாகச் செய்ய மாட்டார். தெருக்குழாயடியில், பெண்களோடு பெண்ணாகக் குத்தவைத்து உட்கார்ந்து, சத்தமாகப் பேசிக்கொண்டே அலசுவார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது குழாயடி தெரியும் முனையில் நான் மட்டும் சுற்றுப்பாதையில் திரும்பிவிடுவேன்.

இது எல்லாவற்றையும்விடப் பெரிய சங்கடம், தம்பி புட்டிப்பால் குடிக்க மாட்டான் என்பது. ரப்பரை வாயில் வைத்தால் நாக்கால் தள்ளிவிடுவான். சங்கில் ஊற்றினால் துப்புவான். அம்மாவின் வாசனை இருந்தால் ஏமாந்து குடிப்பான் என்று யாரோ யோசனை சொல்ல, அப்பா அம்மாவின் பழைய சேலையைத் தோளில் சுற்றி முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, புட்டியோடு மூலையில் உட்கார்ந்தார். தம்பி ஒரு நொடி ஏமாந்தான். பிறகு முந்தானையை விலக்கி மீசையைப் பார்த்துவிட்டு வீறிட்டான். தீப்பெட்டி கேட்க வந்த பக்கத்து வீட்டு அத்தை இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, தீப்பெட்டி வாங்காமலே ஓடினாள், நாலு வீட்டுக்குச் சொல்ல.

ஆகவே மதியத்துக்குள் தம்பியை அம்மாவிடம் கொண்டுபோக வேண்டும் என்றாகிவிட்டது. அப்பா ஒரு துண்டில் தம்பியை மாரோடு கட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய், அம்மா சாப்பாட்டு நேரத்தில் பால் கொடுத்ததும் திரும்பி வருவார். தினமும் இதே பாடு. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் துணிப் பையைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டும். ஆட்டோவில் இருக்கிற பெண்கள் எல்லோரும் பிள்ளை வளர்ப்பில் கரைகண்டவர்கள். தலைக்குத் துணி போடக் கூடாதா, இப்படியா தூக்கிட்டு வருவாக, தாய் எங்கே என்று ஆளுக்கொன்று கேட்பார்கள்.

"அவுக டிரோன் ஓட்டப் படிக்காக," என்பார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பெண்கள்தான் புருஷனை 'அவுக' என்பார்கள். ஒரு ஆம்பளை பொண்டாட்டியை அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆட்டோ முழுக்கச் சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். வேண்டுமென்றே சொல்கிறாரா, வாய்தவறி வருகிறதா என்று எனக்குத் தெரியாது. நான் வெளியே பார்த்துக்கொண்டு, வேறு ஏதோ குடும்பத்தைச் சேர்ந்த பிள்ளை போல உட்கார்ந்திருப்பேன். மடியில் தம்பியின் துணிப் பை இருந்ததால் அது அவ்வளவு எடுபடவில்லை.

சாயங்காலங்களில் அம்மா வீட்டிலும் பழகினாள். டிரோனை ஓட்டும் கருவியில் இரண்டு குச்சிகள் இருக்கும், இரண்டு கட்டைவிரலாலும் அவற்றை நகர்த்த வேண்டும். ஒரு குச்சி ஏற்றவும் இறக்கவும் திருப்பவும், இன்னொன்று முன்னே பின்னே பக்கவாட்டில் போக. அம்மா ஒரு சோப்பு டப்பாவில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டு பென்சில் துண்டுகளைச் செருகிக்கொண்டாள். கருவி ஆயிற்று. டிரோனுக்கு என்ன செய்வது? நான்தான் டிரோன். முற்றத்தில் கைகளை அகல விரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அம்மா பென்சிலைத் தள்ளிக்கொண்டே சொல்லச் சொல்ல நான் நகர வேண்டும். முதுகைக் காட்டி நிற்கும்வரை சுலபம். முகத்தைக் காட்டித் திரும்பிவிட்டால் அம்மாவின் இடது எனக்கு வலது ஆகிவிடும். டிரோன் எதிர்முகமாக வரும்போது எல்லோருக்கும் குழம்புவது அந்த இடத்தில்தான் என்று அம்மா சொன்னாள். அவளுக்கும் அதே இடத்தில்தான் குழம்பியது. நான் போகிற பக்கமெல்லாம் கலெக்டரும் பின்னாலேயே வரும்.

ஒரு நாள் என் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் படலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டார்கள். மறுநாள் இடைவேளையில் மூன்று பேர் கையை விரித்துக்கொண்டு என்னைச் சுற்றி வந்தார்கள். அன்று சாயங்காலம் எனக்குக் கால் வலி என்று சொல்லிவிட்டேன்.

"பாப்பா இல்லேன்னா என்ன, நான் நிக்கேன்," என்று அப்பா வந்து நின்றார், இடுப்பில் தம்பியோடு. ஒரு கையைத்தான் விரிக்க முடிந்தது. அம்மா முன்னே வரச் சொன்னால் முன்னே, பின்னே போகச் சொன்னால் பின்னே.

"ஏங்க, அது ஒங்க எடது. எனக்கு வலது."

"நீ சொன்ன பக்கந்தான் போறேன். நீதான் மாத்திச் சொல்ற."

ஏறச் சொன்னால் நுனிக்காலில் எம்புவார், இறங்கச் சொன்னால் உட்காருவார். தம்பிக்கு அப்படியொரு சந்தோஷம். தெருவில் போன ஒருவர் நின்று பார்த்து, "என்னண்ணே, சாமி வந்திருச்சா?" என்று கேட்டார். அப்பா நகர்வதை நிறுத்தாமல், "ஆமாப்பா, குறி கேக்குறியா?" என்றார். நான் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை நானும் பயிற்சி நடக்கிற இடத்துக்குப் போயிருந்தேன். பொட்டலைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். படிக்கிறவர்களில் அம்மாவையும் இன்னொரு அக்காவையும் தவிர மற்றவர்கள் எல்லாம் மீசை முளைத்துக்கொண்டிருந்த பையன்கள். சேலைக்கு மேல் வெளிர்நீலத்தில் ஒரு டிசர்ட் கொடுத்திருந்தார்கள், அம்மாவுக்கு அது தொளதொளவென்று இருந்தது. கழுத்தில் மாட்டிய கருவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தேனீக் கூட்டத்தைத் தொந்தரவு செய்தது போல ஒரு இரைச்சலோடு டிரோன் மேலே நின்றது. சொல்லித் தருகிறவர் சின்ன வயசுக்காரர், அம்மாவுக்குப் பக்கத்திலேயே நின்றார். அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. வீட்டில் ஒரு நேரத்தில் நாலு வேலை பார்க்கிறவள், அங்கே ஒன்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஆட்டோ சீக்கிரம் வந்துவிட்டது. சாப்பாட்டு நேரம் இன்னும் ஆகவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற எங்களைத் தம்பி பொறுத்துக்கொள்ளவில்லை. அம்மாவைப் பார்த்தானா, பசியா, இரைச்சலா தெரியவில்லை, உச்சக் குரலில் அழ ஆரம்பித்தான். அம்மாவின் தோள் ஒரு தரம் குலுங்கியது. டக்கென்று ஒரு கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்து அழுத்தினாள். மேலே டிரோன் ஒரு பக்கம் சாய்ந்து பையன்கள் நின்ற திசையில் இறங்கியது. சொல்லித் தருகிறவர் கருவியைப் பிடுங்காத குறையாக வாங்கி அதை இறக்கினார். பையன்கள் சிதறி ஓடி, பிறகு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் திரும்பி அம்மாவைப் பார்த்தார்கள். ஒருவன் அடுத்தவனின் விலாவில் இடித்தான். அம்மாவின் டிசர்ட் முன்பக்கம் நனைந்திருந்தது.

சொல்லித் தருகிறவர் எங்கோ பார்த்துக்கொண்டுதான் பேசினார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பரீட்சை அன்னைக்குக் கை இப்படி வெலகிச்சுன்னா அவங்க அதோட நிறுத்திருவாங்க. கஷ்டம்னா சொல்லிருங்க. ஒங்க குழுவில இன்னொருத்தங்க பேரும் கேட்டிருக்காங்க."

அம்மா துண்டைப் போர்த்திக்கொண்டு வேப்பமரத்துக்குப் பின்னால் போய்த் தம்பிக்குப் பால் கொடுத்தாள்.

"சட்டையில என்னம்மா?" என்று கேட்டேன்.

"தண்ணி பாட்டில் கொட்டிருச்சு," என்றாள். நான் நம்பினேன். பெரிய மனுஷி ஒரு பாட்டிலைக்கூட ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாமல் அத்தனை பேர் பார்க்க மேலே கொட்டிக்கொண்டாளே என்று எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவும் இனி அப்பா மாதிரி ஆகிவிடுவாளோ என்ற கவலை வேறு.

அன்று வீட்டுக்கு வந்ததும், "நான் இனிமே போகலங்க," என்றாள் அம்மா. "தலைவி மருமகளே போகட்டும். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்ல."

அப்பா தம்பிக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடித்துவிட்டு, "பரீட்சை என்னைக்குன்னு சொன்னாக?" என்று கேட்டார். "இம்புட்டுத் தூரம் வந்தாச்சு. அன்னைக்கு ஒரு நாள்தான. நான் பாத்துக்கிறேன்," என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை. அம்மா மறுநாளும் போனாள்.

பரீட்சை நாளன்று பொட்டல் திருவிழா மாதிரி இருந்தது. சாமியானா போட்டு, நாற்காலிகள் அடுக்கி, வெளியூரிலிருந்து பரீட்சை பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். எங்கள் குழுப் பெண்கள் ஒரு வேன் பிடித்து வந்தார்கள், தலைவியும் மருமகளும் உட்பட. டிரோனைப் பார்க்கலாம் என்று எங்கள் ஊர் ஆம்பளைகளும் ஏறிக்கொண்டார்கள். டீக்கடை மாமாவும் வந்தார். கலெக்டரை யாரும் அழைக்கவில்லை, அதுவாகவே ஏறி சீட்டுக்கு அடியில் படுத்துவிட்டது. எப்போது அம்மாவின் முறை வரும் என்று தெரியாது, சாயங்காலம்கூட ஆகலாம், அதனால் தம்பியை வீட்டில் விடவும் வழியில்லை.

அப்பா முதலில் சாமியானா பக்கமே வரவில்லை. தூரத்தில் ஒரு வேலமரத்தடியில் தம்பியோடு நின்றார். "ஏன் அங்கயே நிக்கிறீக? வெயில்ல பிள்ளை வாடுது, நெழலுக்கு வாங்க," என்று குழுப் பெண்கள் விடாமல் கூப்பிட்டார்கள். தம்பியும் தூங்கிவிட்டான். கடைசியில் வந்து சாமியானாவின் ஓரத்து நாற்காலியில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா அவர் வந்து உட்கார்ந்ததைப் பார்த்தாள். ஒன்றும் சொல்ல முடியாத தூரத்தில் இருந்தாள். அப்போதே அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. டிரோன் நேராக ஏறியது, ஆடாமல் நின்றது. சதுரமாக ஒரு சுற்று. நட்டிருந்த இரண்டு கம்புகளையும் எட்டுப் போட்டுச் சுற்றியது. குழுப் பெண்கள் மூச்சுக் காட்டாமல் இருந்தார்கள். நானும் முதல் முறையாக, அது என் அம்மா என்று எல்லோருக்கும் தெரியட்டுமே என்று நாற்காலி நுனிக்கு வந்திருந்தேன். இனி அதை எதிர்முகமாகத் திருப்பி, முன்னால் கொண்டுவந்து, வட்டத்துக்குள் இறக்க வேண்டும். அம்மாவுக்குக் குழம்புகிற அதே இடம். டிரோன் மெதுவாகத் திரும்பி அம்மாவையும், அவளுக்குப் பின்னால் சாமியானாவில் உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தது. இரைச்சல் கூடியது. தம்பி கண்ணைத் திறந்தான். உதடு கீழே வளைந்தது.

அப்பா எழுந்தார். நாற்காலி பின்னால் விழுந்தது. தம்பியின் முகத்தைத் தோளோடு சேர்த்து அமுக்கிக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மருந்து டேங்கோடு நடந்து நடந்து முன்னால் குனிந்த உடம்பு, அதே குனிந்த வாக்கில் ஓடியது. சாமியானாக் கயிற்றைத் தாண்டும்போது தடுக்கி, விழாமல் சமாளித்தார். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. அதை எடுக்கத் திரும்பவில்லை. உழுது போட்ட கரிசல் கட்டிகளின் மேல் ஒற்றைச் செருப்போடு தத்தித் தத்தி ஓடினார். கலெக்டர் குரைத்துக்கொண்டே பின்னால் ஓடியது.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. டீக்கடை மாமாதான் கண்டுபிடித்தார். "ஏலே, டிரோனு இந்தப் பக்கம் திரும்பவும் மாப்ள பயந்து ஓடுறான்டா!"

சாமியானாவே அதிர்ந்தது. பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். பையன்களில் ஒருவன் செல்போனில் படம் எடுத்தான். பின்வரிசையில் இருந்த தெரியாத அம்மாள் என் தோளைத் தட்டி, "அது ஒங்க அப்பாவா பாப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையை ஆட்டினேன். கழுத்து அவ்வளவு கனமாக என்றைக்கும் இருந்ததில்லை. அம்மா ஓட்டுகிற ஒன்றுக்கு அப்பா பயந்து ஓடுகிறார். பொண்டாட்டி ஓட்டுகிற டிரோனுக்கு. எல்லோரும் இருக்கிற இடத்தில், ஒரு பொடியன்கூட எழுந்திருக்காத இடத்தில். தூரத்தில் சீமைக்கருவேல மரங்களுக்குள் வேட்டி வெள்ளையாக ஒரு தரம் தெரிந்து மறைந்தது. தம்பி அழும் சத்தம் எங்களுக்குக் கேட்கவே இல்லை.

அம்மா மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் அவ்வளவு சிரிப்புக்கும் அவள் தோள் அசையவில்லை. இரண்டு கையும் கருவியிலேயே இருந்தன. டிரோன் நேராக வந்து, வட்டத்தின் நடுவில் இறங்கி நின்றது. பரீட்சை பார்க்க வந்தவர்களில் ஒருவர் கைதட்டினார்.

அப்பா வர வெகுநேரம் ஆயிற்று. தம்பி அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருந்தான். அப்பாவின் முழங்காலுக்குக் கீழே முள் கிழித்திருந்தது. "என்ன மாப்ள, தலைக்கு மேல வந்துருச்சா?" என்று மாமா ஆரம்பித்தார்.

"வந்துருச்சு மாமா. சத்தத்தைக் கேட்டதும் ஈரக்கொலை நடுங்கிப் போச்சு," என்றார் அப்பா. சொல்லிவிட்டு முதலில் சிரித்தவரும் அவர்தான்.

வேன் ஊர் வந்து சேருவதற்குள் கதை அவருக்கு முன்னால் இறங்கிவிட்டது. அந்தப் பையன் எடுத்த படம் அதற்கும் முன்னால். பிறகு அது கல்யாண வீடுகளில், கறிக்கடையில், என் வகுப்பில் என்று எங்கெல்லாமோ நடந்தது. அம்மா எங்கள் ஊர்க் காட்டில் டிரோனோடு இறங்கிய முதல் நாள், பார்க்க வந்தவர்கள் அம்மாவைப் பார்த்ததைவிட அப்பா எங்கே நிற்கிறார் என்று பார்த்ததுதான் அதிகம். அவர் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்லி அதே மாதிரி சிரித்தார். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாதான் வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள் என்று நான் புளுகுவேன். அப்பா சரி என்பார்.

இப்போது மதுரையில் நர்சிங் படிக்கிறேன். போன மாதம் எனக்குப் பிரசவ வார்டில் வேலை போட்டிருந்தார்கள். ஒரு பெண்ணுடைய குழந்தை எடை குறைவு என்று வேறு அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பக்கத்துக் கட்டில் குழந்தை பசித்து அழ ஆரம்பித்ததும் இவள் சடாரென்று கையை எடுத்து மார்பை அழுத்திக்கொண்டாள். நைட்டியின் முன்பக்கம் நனைந்து பரவியது. துடைக்கத் துணி கொடுத்தேன். அவள் கூச்சத்தோடு, "சத்தம் கேட்டாலே வந்துருது சிஸ்டர். யார் பிள்ளையா இருந்தாலும். கை தன்னால போயிருது," என்றாள். எனக்கு அந்த வெளிர்நீல டிசர்ட் ஞாபகம் வந்தது. கையில் இருந்த ட்ரேயை வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் நின்றேன். புத்தகத்தில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தேன், அதில் மார்க்கும் வாங்கியிருந்தேன். அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமல், தம்பியின் உதடு வளைந்த அந்த நொடியில், அந்தச் சத்தம் அம்மாவின் காதுக்குப் போகக் கூடாது என்று ஓடியிருக்கிறார். அத்தனை பேருக்கு நடுவில் சொல்லக்கூடிய காரணமா அது? சொன்னால் அந்தச் சிரிப்பெல்லாம் அம்மாவின் மேல் திரும்பும். அதனால் தன் மேலேயே வைத்துக்கொண்டார். ஊர் சிரித்தது, விஷயம் தெரியாமல் சிரித்தது. நான் அவருடைய மகள், அந்த வீட்டிலேயே இருந்தவள். என் வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பரீட்சை முடிந்து வந்த அந்தச் சாயங்காலத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அப்பா முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அம்மா அவருடைய வெறுங்காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, ஊக்கால் முள்ளை ஒவ்வொன்றாக எடுத்தாள். வழக்கமாக அவள் காலைத் தொட்டால் கூச்சத்தில் இழுத்துக்கொள்கிற அப்பா, அன்று இழுக்கவில்லை. பாஸாகிவிட்டாள், இனி டிரோன் அவளுக்குத்தான், சந்தோஷமாக இருக்க வேண்டியவள். ஆனால் குனிந்த முகத்திலிருந்து கண்ணீர் அப்பாவின் பாதத்தில் விழுந்துகொண்டே இருந்தது, அதைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

பாவம், அம்மாவுக்கும் என்னைப் போலவே அவமானம் தாங்கவில்லை என்று நினைத்தேன். கிட்டே போய் அவள் முதுகில் கையை வைத்து, அப்பாவுக்குக் கேட்காதபடி, "விடும்மா. கொஞ்ச நாள்ல எல்லாரும் மறந்துருவாக," என்றேன்.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா முந்திக்கொண்டார்.

"அப்படிச் சொல்லுத்தா ஒங்கம்மாவுக்கு," என்றார்.

பெரிய மனுஷி மாதிரி ஆறுதல் சொல்லிவிட்ட திருப்தியோடு நான் சாப்பிடப் போனேன்.